ஜே.பி. சந்திரபாபு பேர் எந்தப் பத்திரிகையில் கண்ணில் பட்டாலும் இங்கே சொல்லுங்க (மும்பை ரசிகர்கள்)

முலுண்டு ரசிகை:

வணக்கம். சந்திரபாபு என்று கூகுள் அலர்ட் (ஒரு பேர் இணையத்தில் புதிதாக வந்தால் மெயில் அனுப்பும் வசதி) போட்டு வைத்திருப்பவர்கள் இங்கே என்னைத் தவிர யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் என் கஷ்டம் புரியும். காலையில் லோக்கல் ரயிலில் ஏறி மெயிலைத் திறந்தால் சந்திரபாபு பேரில் பெரிய வரிசையே நிற்கும். அதில் ஒன்றுகூட நம்ம பழைய சினிமா நகைச்சுவை நடிகர், பாடகர் ஜே.பி. சந்திரபாபு கிடையாது, எல்லாம் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு. 2024 ஜூனில் அவர் மறுபடி முதல்வரானதிலிருந்து இந்த வெள்ளம் வற்றவே இல்லை. மார்ச் 8 நினைவு நாளுக்கும் ஆகஸ்ட் பிறந்தநாளுக்கும் மட்டும் நம்மவர் கொஞ்சம் தலைகாட்டுவார், அதுவும் கீழே எங்கேயோ புதைந்து கிடக்கும்.

முதல் கேள்வி இதுதான்: நீங்கள் இதை எப்படி வடிகட்டுகிறீர்கள்?

அடுத்தது, அந்த இரண்டு தேதிகளைத் தாண்டி அவர் பேர் எங்கெல்லாம் வருகிறது என்று தெரிய வேண்டும். முழுக் கட்டுரையாக இருக்க வேண்டும் என்றில்லை. வேறு யாரையோ பற்றி எழுதும்போது ஒரு வரி வந்திருந்தாலும் போதும், பேட்டியில் யாராவது சொல்லியிருந்தாலும் சரி, டிவி பாட்டுப் போட்டியில் ஒரு பிள்ளை பாடியதைச் செய்தியாகப் போட்டிருந்தாலும் சரி. 2027 ஆகஸ்டில் அவருடைய நூற்றாண்டு வருகிறது. அதற்குள் ஓர் ஒழுங்கான தொகுப்பு செய்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நான் இதுவரை சேர்த்ததைப் படித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே கட்டுரை மாதிரி இருக்கிறது. தூத்துக்குடியில் பிறந்தார், வாய்ப்புத் தேடி அலைந்தார், உச்சத்துக்குப் போனார், எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' நின்றுபோனது, கடன், குடி, 1974ல் 46 வயதில் மரணம். நடுவில் "நகைச்சுவையாக நடித்து, சொந்தக் குரலில் பாடினார்" என்று ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்காகத்தானே நாம் எல்லோரும் அவரை விரும்புகிறோம்! எப்படிப் பாடினார், எப்படி ஆடினார், அந்த யோடலிங்கை (குரலைச் சட்டென்று ஏற்றி இறக்கிப் பாடும் மேல்நாட்டு முறை) எந்த இடத்தில் வைத்தார் என்று எழுதின துண்டுகள் எனக்கு வேண்டும். அப்படி எதையாவது பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

சயான் கோலிவாடா பையன்:

அக்கா, வடிகட்டும் வேலையை நான் கொஞ்சம் செய்து பார்த்திருக்கிறேன். சந்திரபாபு என்று எழுதி, பக்கத்தில் கழித்தல் குறி போட்டு இடைவெளி விடாமல் நாயுடு என்று சேர்த்தால் பாதி போய்விடும். ஆனால் தமிழில் அது மட்டும் போதாது, நாயுடுவின், நாயுடுவுக்கு, நாயுடுவை எல்லாம் தனித்தனி வார்த்தையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கழித்தல் போடுங்கள். அப்புறம் 'தெலுங்கு தேசம்', 'பவன் கல்யாண்' இரண்டையும் கழித்துவிட்டால் கிட்டத்தட்ட சுத்தமாகிவிடும். கல்யாணம் என்ற வார்த்தையைத் தனியாகக் கழிக்காதீர்கள், அவர் பாட்டே அதில்தான் இருக்கிறது.

முக்கியமாக ஒன்று. அமராவதி என்ற வார்த்தையைக் கழிக்கவே கூடாது. ஆந்திரத் தலைநகர் என்பதால் முதலில் அதைத்தான் கழிக்கத் தோன்றும். ஆனால் ஜே.பி.யின் முதல் படம் 1947ல் வந்த 'தன அமராவதி'. அதைக் கழித்தால், அவருடைய ஆரம்ப காலத்தை உருப்படியாக எழுதின கட்டுரைகள்தான் முதலில் காணாமல் போகும்.

எதிர்ப்பக்கமாகவும் தேடலாம். பாட்டுப் பேரோடு சேர்த்துத் தேடினால் நாயுடு எட்டியே பார்க்க மாட்டார். 'உனக்காக எல்லாம் உனக்காக', 'குங்குமப் பூவே', 'ஒண்ணுமே புரியலே', 'பம்பரக் கண்ணாலே' என்று ஒவ்வொன்றுக்கும் தனி அலர்ட் வைத்திருக்கிறேன். இதில் வருவதெல்லாம் பெரும்பாலும் பாட்டைப் பற்றிப் பேசுகிற கட்டுரைகள், உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. ஜே.பி.க்கு நடுவில் புள்ளி, இடைவெளி, ஜெ என்று குறில் போட்டு எழுதுவது, இவை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஆங்கிலத்தில் சந்திரா, பாபு என்று இரண்டாகப் பிரித்து எழுதுபவர்களும் உண்டு.

தாராவி தூத்துக்குடிக்காரன்:

எங்க ஊர் ஆளுக்கு மும்பையில் தனி இழையே ஓடுகிறதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

தங்கச்சி, நீங்கள் ஆகஸ்ட் மாதத்தைக் கொஞ்சம் அகலமாக எடுத்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழா ஜூலை 26ல் கொடியேறி ஆகஸ்ட் 5ல் முடியும். அவருக்கு வீட்டில் வைத்த பேரிலேயே பனிமயதாஸ் இருக்கிறது, அந்த மாதாவின் பேர்தான். அதனால் திருவிழாவை ஒட்டி வரும் சிறப்புப் பக்கங்கள், ஊர் வரலாற்றுக் கட்டுரைகள், பங்கு மலர்கள் (தேவாலயம் வெளியிடும் மலர்கள்) எதிலும் அவர் பேர் வர வாய்ப்பு உண்டு. இவை பெரும்பாலும் இணையத்தில் ஏறாது. ஊரிலிருந்து யாராவது வாங்கி வந்தால்தான் உண்டு. தாராவியில் திருவிழாவுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். இந்தத் தடவை கட்டாயம் சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு திசை, கொழும்பு. சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய அப்பாவோடு அவருடைய குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்தது. சின்ன வயதில் அங்கேதான் படித்தார், 1940களில்தான் சென்னைக்கு வந்தார். ஆகவே இலங்கைப் பத்திரிகைகளில் அவரைப் பற்றிய பார்வை வேறு மாதிரி இருக்கும், இங்கே போல எம்.ஜி.ஆர். சண்டையையே சுற்றிக்கொண்டிருக்காது. 'நூலகம்' என்ற இணையதளத்தில் இலங்கைத் தமிழ் இதழ்களைக் குவியல் குவியலாக ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அதில் சினிமா பக்கங்கள், வானொலி பற்றிய பக்கங்கள் இரண்டையும் பாருங்கள். அவர் மேல்நாட்டுப் பாட்டை எங்கே கேட்டுப் பழகினார் என்று யோசித்தால் கொழும்பைத் தவிர்க்க முடியாது என்பது என் எண்ணம்.

மாட்டுங்கா ரிட்டயர்டு:

பம்பாயில் இருந்துகொண்டு ஏன் எல்லோரும் தமிழ்ப் பத்திரிகையை மட்டும் புரட்டுகிறீர்கள்? இங்கே ஹிந்தி சினிமா எழுத்தில் அவர் ஒளிந்திருக்கிறார், அதைத் தோண்டுங்கள்.

'சபாஷ் மீனா' 1958. பி.ஆர். பந்துலு எடுத்தது. சிவாஜி கதாநாயகன், ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்தவன் பேசியது சந்திரபாபுவைப் பற்றித்தான். இரட்டை வேடம், அதில் ஒருவன் மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்‌ஷாக்காரன். அதே பந்துலு 1962ல் ஹிந்தியில் 'தில் தேரா தீவானா' எடுத்தார். ஷம்மி கபூர் சிவாஜி இடத்தில், ஹிந்தி நகைச்சுவை நடிகர் மெஹ்மூத் சந்திரபாபு இடத்தில். மெஹ்மூத்துக்கு அந்தப் படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. ஆக மெஹ்மூத்தைப் பற்றி விவரமாக எழுதுகிற எவரும் அந்தப் படத்துக்கு வந்தாக வேண்டும், வந்தால் அதில் கொஞ்சம் பேராவது மூலப் படத்தையும் மூல நடிகரையும் சொல்லுவார்கள். அந்த வரிகள்தான் எனக்குத் தங்கம். தமிழில் 'உள்ளத்தை அள்ளித்தா' பற்றி எழுதும்போதும் கதை ஒற்றுமைக்காக 'சபாஷ் மீனா' பேர் வரும், அந்தப் பக்கமும் ஒரு கண் வையுங்கள்.

அப்புறம் 'பெண்', 1954, ஏவி.எம். அதே கதையை 'லட்கி' என்று ஹிந்தியிலும் எடுத்தார்கள், அதில் கிஷோர் குமார் நடித்தார். தமிழில் வீணை எஸ். பாலசந்தர் நடித்தார், அவருக்குப் பாட்டுக் குரல் கொடுத்தது சந்திரபாபு. 'கல்யாணம் வேணும் வாழ்வில்' பாட்டு. அதைப் போட்டுக் கேளுங்கள், திரையில் வாயசைப்பது வேறொருவர் என்றாலும் கேட்கும்போது மனசில் ஆடுகிறவர் சந்திரபாபுதான். உடம்பு அசையாமல் அவரால் பாடவே முடியாது போலிருக்கிறது, அந்த அசைவு குரலிலேயே கேட்கும். வைஜயந்திமாலாவைப் பற்றிய கட்டுரைகள், ஏவி.எம். வரலாறு, பாலசந்தர் வரலாறு என்று மூன்று இடத்தில் இந்தப் பாட்டு வரக்கூடும்.

இங்குள்ள ஆங்கில எழுத்தாளர்கள் அவரை 'தமிழ்நாட்டுக் கிஷோர் குமார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கிஷோர் குமாரை எனக்கு உயிர், அது வேறு விஷயம். இவர் 1947லேயே படத்துக்கு வந்துவிட்டவர், கிஷோர் குமார் முதலில் பாடியது 1948ல் 'ஜித்தி' படத்தில். இரண்டு பேரும் ஒரே காலத்தில் தங்கள் தங்கள் வழியில் வளர்ந்தவர்கள். ஒருவரைச் சொல்ல இன்னொருவரைக் கடன் வாங்க வேண்டியதில்லை. தொகுப்பில் இந்த மாதிரி வரிகளையும் சேருங்கள், ஆனால் பக்கத்தில் வருஷங்களைக் குறித்து வையுங்கள்.

டோம்பிவிலி வாசகன்:

ரசிகை அவர்களுக்கு ஒரு மாற்றுக் கருத்து. சோகக் கதையைத் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் சேர்ப்பது சரியா? 'சிரிப்பு வருது சிரிப்பு வருது', 'புத்தியுள்ள மனிதரெல்லாம்', 'நான் ஒரு முட்டாளுங்க' எல்லாம் அவர் வாழ்க்கைதானே? அந்த வலி தெரியாமல் கேட்டால் பாட்டு பாதிதான் புரியும். எங்கள் வீட்டில் அப்பா அந்தப் பாட்டுகளைப் போடும்போதெல்லாம் அவர் கதையையும் சேர்த்துத்தான் சொல்லுவார்.

முலுண்டு ரசிகை:

டோம்பிவிலி சார், நான் எதையும் தள்ளவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று பாட்டையும் கொஞ்சம் வருஷத்தோடு பாருங்கள். 'நான் ஒரு முட்டாளுங்க' வந்த 'சகோதரி' 1959. 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' வந்த 'அன்னை' 1962. 'சிரிப்பு வருது' வந்த 'ஆண்டவன் கட்டளை' 1964. மூன்றும் கண்ணதாசன் எழுதியது, படத்தில் அந்தந்தப் பாத்திரத்துக்காக எழுதியது. 'சகோதரி' வந்தபோது அவர் உச்சத்தில் இருந்த நடிகர். பின்னால் நடந்ததை எடுத்து முன்னால் பாடின பாட்டின் மேல் ஒட்டிவிட்டு, "தன் வாழ்க்கையையே பாடினார்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் அவர் செய்த வேலைக்கு மரியாதை இல்லாமல் போகிறது. 'முட்டாளுங்க' என்று அவர் முடிக்கிற இடத்தைக் கேளுங்கள், பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் நடுவில் ஓர் இடத்தில் நிறுத்துவார். சோகம் இருப்பவர்கள் எல்லோருக்கும் அது வந்துவிடாது. அது தாளத்தைக் கையில் வைத்திருக்கிற பாடகனின் வேலை.

இன்னொரு உதாரணம். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னால் 'பிறக்கும் போதும் அழுகின்றாய்' பாடினார், அவர் ரசித்ததும் சந்திரபாபு ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்துவிட்டார் என்ற கதை நினைவு நாள் கட்டுரைகளில் தவறாமல் வருகிறது. ஒவ்வொருவர் எழுதுவதிலும் அப்போது சந்திரபாபு சொன்ன வசனம் மாறுகிறது. ராதாகிருஷ்ணன் அந்தப் பதவியில் இருந்தது 1962 முதல் 1967 வரை. அந்த ஐந்து வருஷப் பத்திரிகையில் யாராவது நேரில் பார்த்து எழுதியிருந்தால் அதுதான் எனக்கு வேண்டும். யார் கண்ணிலாவது பட்டிருக்கிறதா?

கிங்ஸ் சர்க்கிள் பழைய பேப்பர்:

ரத்திக்கடையிலும் (பழைய பேப்பர் கடை) நடைபாதைப் புத்தகக் கடையிலும் பழைய தமிழ் இதழ் தேடுவது எனக்குப் பழக்கம் என்பதால் சில விஷயம் சொல்கிறேன்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் இப்போது தமிழ் கிடைப்பது அபூர்வம். ஆனால் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் பழைய குடும்பங்கள் வீடு காலி செய்யும்போது ரத்திவாலாவிடம் பைண்டு செய்த விகடன், கல்கி தொடர்கள் போகும். அவற்றைத் தொடர்கதைக்காகக் கிழித்துத் தைத்திருப்பார்கள். தொடர்கதைப் பக்கத்தின் பின்பக்கத்தில் சினிமா விளம்பரமோ விமர்சனத்தின் பாதியோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எல்லோரும் கதையைப் படிப்பார்கள், நான் பின்பக்கத்தைத்தான் படிப்பேன். அவர் நடித்த 'புதையல்' பட விளம்பரம் ஒன்று எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஓரம் நறுக்கிப் போனதால் தேதி இல்லை, ஆனால் 1957 படம் என்பதால் இதழைக் கண்டுபிடித்துவிடலாம்.

முழு வரிசை வேண்டுமென்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்தான் இடம். பேசும் படம், குண்டூசி போன்ற சினிமா இதழ்களைப் பற்றி அங்கே விசாரியுங்கள், பாட்டுப் புத்தகங்களையும் கேளுங்கள். நமக்குப் பக்கத்தில் புனே லா காலேஜ் ரோட்டில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது, காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். போகும் முன் எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஸ்கேன் செய்த பழைய இதழ்களில் தேடுகிறவர்களுக்கு ஒன்று. அவர் இறந்தது 1974ல், எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978ல். அதனால் அவர் உயிரோடு இருந்தபோது அச்சானது பெரும்பாலும் பழைய எழுத்தில் இருக்கும், அதாவது றா, னா, லை, னை எல்லாம் பழைய வடிவம். கம்ப்யூட்டர் அதைப் படிக்கும்போது 'பாடினார்' என்பதே உடைந்து வேறு எதுவோ ஆகிவிடும். நல்ல வேளையாக 'சந்திரபாபு' என்ற பேரில் அந்த எழுத்து ஒன்றுகூட இல்லை, பேர் முழுசாகப் பிழைத்துக்கொள்கிறது. ஆகவே பேரை மட்டும் போட்டுத் தேடுங்கள், பக்கத்தில் 'பாடினார்', 'ஆடினார்' என்றெல்லாம் சேர்க்காதீர்கள்.

பாட்டுப் புத்தகத்தை நம்பி மட்டும் முடிவெடுக்க வேண்டாம். பல புத்தகங்களில் பாடியவர் பேர் இருக்காது, நடித்தவர் பேரே இருக்கும். அவர் விஷயத்தில் பெரும்பாலும் இரண்டும் ஒருவரே என்பதால் தப்பித்தோம், ஆனால் மாட்டுங்கா ஐயா சொன்ன 'பெண்' பாட்டு மாதிரி இடத்தில் சிக்கல் வரும்.

சயான் கோலிவாடா பையன்:

யூடியூப் கருத்துப் பகுதியைச் சேர்க்கலாமா? 'குங்குமப் பூவே' பாட்டுக்குக் கீழே இலங்கை, மலேசியா, ஆந்திரா என்று எங்கெங்கோ இருந்து எழுதுகிறார்கள். ஜமுனா ராணி பாடி முடிக்கும்போது அவர் உள்ளே நுழைகிற இடத்தை ஒருவர் அவ்வளவு அழகாக வர்ணித்திருந்தார், எந்தப் பத்திரிகையிலும் நான் அப்படிப் படித்ததில்லை.

முலுண்டு ரசிகை:

சேர்க்கலாம் தம்பி, ஆனால் தனிப் பகுதியாக வைப்போம். எழுதியவர்களின் பேரைப் போட வேண்டாம், கருத்தும் தேதியும் போதும்.

மற்றவர்களுக்கு: அமராவதியைத் தவிர நீங்கள் சொன்ன கழித்தல்கள் எல்லாவற்றையும் போட்டு அலர்ட்டை மாற்றிவிட்டேன். பாட்டுப் பேர்களுக்கும் தனித்தனியாக வைத்துவிட்டேன். தாராவி அண்ணா, பங்கு மலர் கிடைத்தால் அவர் பேர் வரும் பக்கத்தோடு அட்டையையும் முதல் பக்கத்தையும் போட்டோ எடுங்கள், வருஷம் அதில்தான் இருக்கும். மாட்டுங்கா ஐயா, மெஹ்மூத் பற்றிய வரிகளை உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன், ஹிந்தியில் இருந்தால் அப்படியே போடுங்கள், கீழே தமிழில் நான் எழுதிக்கொள்கிறேன். டோம்பிவிலி சார், உங்கள் அப்பா அந்தப் பாட்டுகளை முதலில் எங்கே கேட்டார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? ரேடியோ சிலோனா, இங்கே மும்பை அரோரா தியேட்டரா, இல்லை ஊரிலேயேவா? அதுவும் தொகுப்பில் வரட்டும். புனே போகிற நாளைக் கிங்ஸ் சர்க்கிள் அண்ணா சொன்னால் நானும் கூட வருகிறேன்.